ஆத்தாவின் ஒப்பாரிப் பிளேட்டு

ராயப்பேட்டை, சென்னை
11-2-1963

தம்பி சங்கையாவுக்கு,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. முதல் பக்கத்தையாவது படி. ஏழு வருஷம் எழுதாதவள் இப்போது எழுதுகிறாள் என்றால் ஏதோ காரியம் ஆகவேண்டியிருக்கிறது என்று நினைப்பாய். சரிதான், காரியம்தான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கம்பெனிக்காரர்கள் என் பழைய பாட்டுகளை மறுபடி வெளியிடப் போகிறார்கள். நம் காலத்துப் பிளேட்டு மாதிரி பக்கத்துக்கு ஒரு பாட்டு, மூன்று நிமிஷத்தில் முடிந்தது என்று இல்லை. லாங் பிளே என்று ஒன்று வந்திருக்கிறதே, கேள்விப்பட்டிருப்பாய். மெதுவாகச் சுற்றுமாம், ஒரே தட்டில் பன்னிரண்டு பாட்டு அடங்குமாம். கீழே விழுந்தால் உடையாதாம். மேலட்டையில் என் படம் போட்டு, 'ஏழாயிரம்பண்ணை வேலுத்தாய்' என்று பெயரும் போடுவார்கள். ஊர்ப்பெயர் நீளமாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். எடுப்பதானால் என்னையும் சேர்த்து எடுத்துவிடுங்கள் என்றேன். ஊர்ப்பெயரையும் சேர்த்தே எழுதிக்கொண்டார்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பாய். கடைசியாக மேடை ஏறி மூன்று வருஷமாகிறது. தொண்டையில் ஆபரேஷன் செய்தார்கள். பேச வருகிறது, பாட வரவில்லை. இனி நான் பாடகி என்பதற்கு இந்தத் தட்டு ஒன்றுதான் சாட்சி.

பதினோரு பாட்டு கிடைத்துவிட்டது. கிடைக்காமல் நிற்பது ஆத்தாவின் ஒப்பாரி, அவள் பாடக் கேட்டு நான் பாடியது. விற்காத பாட்டு என்று அதன் மூல அச்சை எப்போதோ பழைய உலோகத்தோடு உருக்கிவிட்டார்கள். நல்ல நாள் கெட்ட நாள் பார்க்கிறவர்கள் வீட்டில் ஒப்பாரிப் பிளேட்டை யார் வாங்கி வைப்பார்கள்? மைக் செட்காரர்களிடம்தான் இருக்கும். கேட்டுப் பார்த்த யாரிடமும் இல்லை. நீ வைத்திருந்ததை நான் என்ன செய்தேன் என்று எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு வேறு ஒன்று வாங்கினாயா? இருந்தால் அனுப்பு. வேலை முடிந்ததும் திருப்பித் தருகிறேன்.

வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்க ஆசையாக இருக்கிறது. கேட்கலாமா என்று தெரியவில்லை.

வேலுத்தாய்


சிவகாசி
20-2-1963

மரியாதைக்குரிய அம்மையார் அவர்களுக்கு,

முத்துப்பேச்சி சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் சங்கையா எழுதிக்கொள்வது. தங்கள் கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் மட்டும் அல்ல, முழுவதும் படித்தேன். என் மனைவி முருகம்மாளுக்கும் படித்துக் காட்டினேன். "மதினிக்கு தொண்டையில ஆபரேஷனாம்ல. நமக்கு ஒரு வார்த்த சொல்லி விடலியே" என்று அழுதாள். நான் அழவில்லை.

வேறு பிளேட்டு வாங்கினேனா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கவில்லை. செத்துப்போன ஆத்தாவைப் படுக்க வைத்திருந்த அன்று, ஊரே பார்க்க, பாடிக்கொண்டிருந்த பிளேட்டைப் பிடுங்கிக் கட்டில் காலில் அடித்தீர்களே, அதே பிளேட்டுதான். அது உடையவில்லை. ஓரத்திலிருந்து பாதி வரைக்கும் ஒரு விரிசல் ஓடியது, அவ்வளவுதான். தாங்கள் போட்ட விரிசலோடு ஏழு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கிறது.

நாரணாபுரம், வெம்பக்கோட்டை, நம் ஏழாயிரம்பண்ணை என்று எங்கே எழவு விழுந்தாலும் எனக்கு ஆள் வரும். குழாயையும் பேட்டரியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். வேறு எந்தப் பிளேட்டுப் போட்டாலும், "ஏய்யா, முத்துப்பேச்சி மக பாட்டப் போடுங்க" என்பார்கள். விரிசலில் ஊசி ஏறி இறங்கும்போதெல்லாம் டிக் டிக் என்று சத்தம் வரும். அது யாருக்கும் பொருட்டில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் தொல்லை. "வாசலில வந்து நிக்கேன், கதவத் தெற என் தாயே" என்று வரும் இல்லையா, அந்த இடத்தில் விரிசல் பெயர்ந்திருக்கிறது. ஊசி பின்னால் குதித்து அதே வரியைத் திருப்பிப் பாடும். விட்டால் பொழுது விடியும் மட்டும் பாடும். மூன்றாம் தடவை முடிந்ததும் நான் விரலால் லேசாகத் தட்டிவிடுவேன். அப்புறம் ஒழுங்காகப் போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெண்கள் கூடவே பாடும்போது அவர்களும் அந்த வரியை மூன்று தடவை பாடுகிறார்கள். பிளேட்டே இல்லாத வீட்டிலும் மூன்று தடவைதான். தங்கள் கோபம் இந்தப் பக்கத்து ஒப்பாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பிளேட்டை அனுப்ப முடியாது. ரயிலில் உடைந்தால் இங்கே செத்தவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இப்படிக்கு,
எம். சங்கையா


ராயப்பேட்டை
1-3-1963

சங்கையா,

அம்மையாராம், அவர்களாம். ஆற்றில் போகவிருந்த உன்னை முடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டவள் நான். என்னிடம் உன் மரியாதையைக் காட்டாதே.

எல்லாம் எழுதினாய். நான் ஏன் பிடுங்கினேன் என்று எழுதினாயா? இப்போது நான் எழுதுகிறேன், கேள்.

தந்தி எனக்குக் கும்பகோணத்தில் நாடகக் கொட்டகையில் கிடைத்தது. வேஷத்தைக் கலைத்தும் கலைக்காமலும் ரயிலேறினேன். விருதுநகரில் இறங்கி, சாத்தூர் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஒரு மாட்டுவண்டி. வழி முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். நம் பக்கத்தில் மகள் வந்து குரலெடுத்தால்தான் ஒப்பாரி தொடங்கும். மகள் வரும்வரை வெறும் அழுகைதான். ஆத்தா எத்தனை வீட்டில், "மக வரட்டும், பொறுங்கடி" என்று பெண்களை அடக்கியிருக்கிறாள்! எனக்காகவும் அப்படிக் காத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஊர் எல்லைக்கு வரும்போதே கேட்டுவிட்டது. நானே பாடுகிறேன். வேப்பமரத்தில் குழாய் கட்டி, நாலு ஊருக்குக் கேட்கும்படி, வந்து சேராத நான் ஆத்தாவுக்கு ஒப்பாரி பாடிக்கொண்டிருக்கிறேன். உள்ளே போனால் பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து அந்தப் பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நகர்ந்து இடம் விடவில்லை. எதற்கு விடவேண்டும்? நான்தான் ஏற்கெனவே பாடிக்கொண்டிருக்கிறேனே!

என் இடத்தில் என் பிளேட்டைக் கொண்டுபோய் உட்காரவைத்தவன் நீ. அதைத்தான் அடித்தேன். உன்னை அடிக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொள்.

இப்போது அந்த உடைசலையும் பாட்டு என்று பெண்கள் பாடுகிறார்களாமே. நான் ராகம் தப்பாமல், ஒரு மூச்சு கூடாமல் பாடிக் கொடுத்த பாட்டு அது. அதைத் திக்குவாய்ப் பாட்டாக்கி ஊர் ஊராக எடுத்துப் போகிறாய். அதற்காகவாவது பிளேட்டைக் கொடு. கம்பெனியில் நல்ல இன்ஜினியர் இருக்கிறார், சுத்தம் செய்துவிடுவார். பாட்டு நான் பாடியபடி இருக்கட்டும்.

வேலுத்தாய்

முருகம்மாளை அழ வேண்டாம் என்று சொல். ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது.


சிவகாசி
9-4-1963

அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வீம்பினால் அல்ல. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு பயர் ஆபீஸில் மருந்துக் கொட்டகை வெடித்துவிட்டது. பேப்பரில் ஓரமாகப் போட்டிருப்பார்கள், நீ பார்த்திருக்க மாட்டாய். போனவர்களில் பாதிப்பேர் நம் தெருக்காரர்கள். ஆத்தாவோடு தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிய ராக்காயியின் மகளும் அதில் ஒருத்தி. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் குழாயை மாற்றிக் கட்டினேன். பேட்டரி இறங்கிப் போய், விருதுநகரிலிருந்து வேறு பேட்டரி கொண்டுவந்தேன். அந்த நாட்களில் உன் பிளேட்டு ஓய்ந்ததே இல்லை. இனிமேல் அனுப்பு அனுப்பு என்று கேட்பதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். உன் கடிதத்தைக் கேட்டதும் முருகம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அத்த கேட்ட சங்கதிய நீங்க மதினிகிட்ட சொல்லவே இல்லியா? எம்புட்டு வருசம் வயித்துக்குள்ள வச்சிருப்பீக?" என்றாள். சொல்லவில்லைதான். நீ நின்று கேட்டால்தானே சொல்வதற்கு!

பிளேட்டை நான் சாவுக்குப் போடவில்லை. அதற்கு முந்தின நாளே போட்டேன். ஆத்தாவுக்கு அப்போது நினைவு இருந்தது. "வேலு வந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தந்தி கொடுத்திருக்கிறோம், வந்துகொண்டிருக்கிறாள் என்றேன். "வரட்டும். அதுவரைக்கும் அவ கொரலப் போடுய்யா, கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள். சாகக் கிடக்கிறவள் காதில் ஒப்பாரியைப் போடுவதா என்று வேறு பிளேட்டை எடுத்தேன். "அது வேண்டாம்லே. அது நாடகக்காரன் பாட்டு. எம் பாட்டப் போடு" என்றாள். போட்டேன். முடிய முடியத் திருப்பிப் போட்டேன். கேட்டுக்கொண்டே கண்ணை மூடினாள். அதற்கப்புறம் அதை நிறுத்த எனக்குக் கை வரவில்லை. பெண்கள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், அழுதார்கள். நீ வந்தாய், நிறுத்தினாய்.

நிறுத்தின பிறகாவது நீ குரலெடுப்பாய் என்று எல்லோரும் உன் வாயையே பார்த்தோம். நீ ஒரு வரி பாடவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நிற்காமல் வண்டியேறிவிட்டாய். காசு வாங்காமல் பாடமாட்டாள் போல என்று யாரோ சொன்னார்கள். அவனை நான் அடித்துவிட்டேன். ஆனால் எனக்கும் அப்படித்தான் பட்டது.

சங்கையா


ராயப்பேட்டை
17-4-1963

தம்பி,

ஆத்தா கேட்டாள் என்று எனக்குத் தெரியாது.

பிளேட்டைப் பிடுங்கியதும் எல்லாச் சத்தமும் அடங்கிவிட்டது. நான் வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. திமிர் இல்லை, சங்கையா. காற்று மட்டும் வந்தது. ஆயிரம் பேர் கூடிய கொட்டகையில் கணீரென்று எழும்பிய குரல், ஆத்தாவுக்கு முன்னால் ஒரு எழுத்துக்குக்கூட வரவில்லை. அழுகையும் அதோடு சேர்ந்து அடைத்துக்கொண்டது. அதற்கு மேல் அங்கே எந்த முகத்தோடு நிற்பேன்?

தொண்டை கெட்டது பிறகுதான் என்று டாக்டர் சொல்கிறார். அன்றைக்கே கெட்டது என்று எனக்குத் தோன்றும்.

ராக்காயி மகள் செய்தியைப் படித்தேன். பிளேட்டு அங்கேயே இருக்கட்டும். கம்பெனியில் பதினோரு பாட்டோடு முடித்துக்கொள்ளச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா


சிவகாசி
2-6-1963

அக்காவுக்கு,

கம்பெனியில் எதையும் சொல்லித் தொலைக்காதே. சொல்லியிருந்தால் மாற்றிச் சொல்.

அடுத்த மாதம் பிளேட்டோடு நானே வருகிறேன். பார்சலில் போடமாட்டேன், யார் கையிலும் கொடுக்கவும் மாட்டேன். நாட்டு வெடிக்குச் சணல் சுற்றுகிறவரிடம் கொடுத்துப் பழைய புடவைத் துணிக்குள் வைத்துச் சுற்றி வாங்கியிருக்கிறேன். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வருவேன். தீபாவளி சீசன் தொடங்கிவிட்டால் எனக்குக் கடையை விட்டு நகர முடியாது. முதலாளிமார் ஆயுத பூஜை, கல்யாணம் என்று ஆர்டர் கொடுக்க வந்துவிடுவார்கள். ஆகவே நீ நாள் குறித்து எழுது. நான் கூடவே இருப்பேன். அவர்கள் ஊசி வைக்கும்போது தட்டிவிட அங்கே யாருக்கும் கை பழகியிருக்காது.

இத்தனை வருஷமாக உன்னைப் பற்றி நினைத்ததெல்லாம் தப்பு என்று தெரிந்துகொள்ள ஒரு பக்கக் கடிதம்தான் தேவைப்பட்டது. முன்னமே எழுதியிருக்கலாம் நீ. நானும் கேட்டிருக்கலாம்.

சங்கையா


ராயப்பேட்டை
29-7-1963

தம்பிக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததும், பிளேட்டும் சேதமில்லாமல் சேர்ந்ததும் முருகம்மாள் எழுதச் சொல்லி வந்த கார்டில் தெரிந்தது. இரண்டு வரி எழுத உனக்கு நேரமில்லையாக்கும்.

என் வீட்டில் இரண்டு நாள் இருந்தாய். நாற்காலியில் உட்காராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாய். நானும் பேச நினைத்ததில் பாதியைப் பேசவில்லை. நீ சாப்பிடும்போது பார்த்தேன், ஆத்தா மாதிரியே சோற்றை உருட்டி ஓரமாக ஒதுக்கிவைத்துக்கொண்டு சாப்பிடுகிறாய்.

நீ போன மறுநாள் கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு நீ தட்டிவிட்டுப் பாடவைத்ததை டேப்பில் பிடித்தார்கள் அல்லவா? இன்ஜினியர் அந்த நாடாவை மேஜை மேல் வைத்து, சவர பிளேடால் துண்டு துண்டாக வெட்டி, திருப்பிப் பாடிய இடங்களை எடுத்துவிட்டு ஒட்டினார். டிக் டிக் சத்தத்தையும் முக்கால்வாசி எடுத்துவிட்டார். பிறகு போட்டுக் காட்டினார்.

என்ன சொல்வேன் உனக்கு! பதினாறு வருஷத்துக்கு முன்னால் பாடிய அந்தப் பெண் வந்து என் எதிரே நின்றாள். ஒரு பிசிறு இல்லை. நான் பாடிக் கொடுத்தபடியே, அளவாக, ஒரு வரிக்கு ஒரு தடவை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மேனேஜர் காபி வரவழைத்துக் கொடுத்தார். தட்டில் கடைசிப் பாட்டாக அதையே வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மேலட்டையை உங்கள் ஊரில்தான் அச்சடிக்கப் போகிறார்களாம். சிவகாசி அளவுக்கு வர்ணம் வேறு எங்கேயும் வராதாம். போய்ப் பார்த்துவிட்டு எழுது. முகத்தைக் கெடுத்துவிடப் போகிறார்கள்.

அக்கா


சிவகாசி
18-12-1963

அக்காவுக்கு,

முகத்தைக் கெடுத்துவிட்டார்கள்.

தீபாவளி கழிந்ததுமே லித்தோ பிரஸ்ஸில் போய்ப் பார்த்தேன். அப்போது காலண்டர் சீசன். ஒரு பக்கம் லட்சுமி, ஒரு பக்கம் முருகன், நடுவில் நீ. கல்லில் படம் தீட்டுகிறவர் மூன்று பேருக்கும் ஒரே கையில் கன்னச் சிவப்பு வைத்துவிட்டார். போதாக்குறைக்கு உன் மூக்கில் ஒரு வைர மூக்குத்தியும் போட்டிருக்கிறார். எங்கள் அக்காள் மூக்கே குத்தவில்லையே என்றேன். "பொம்பளப் படத்துல மூக்குத்தி இல்லாட்டி அட்ட விக்காதுங்க" என்றார். தாமரை ஒன்றுதான் பாக்கி. அதைக் கேட்டால் அதையும் வைத்திருப்பார்.

நீ அனுப்பிய லாங் பிளே போன வாரம் வந்தது. அந்தக் கொடுமையையும் எழுதிவிடுகிறேன். கடைத்தெருவையே கூப்பிட்டு நிற்கவைத்து, குழாயைத் தெருப்பக்கம் திருப்பிக் கட்டி, நம் பழைய மெஷினில் போட்டேன். மெதுவாகச் சுற்றுகிற தட்டு என்று நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய், எனக்கு நினைவு இல்லை. நம் மெஷினுக்கு ஒரே வேகம்தான் தெரியும். நீ கீச்சுக் கீச்சென்று அணில் குஞ்சு மாதிரி கத்தினாய். பன்னிரண்டு பாட்டையும் நிமிஷத்தில் பாடிவிட்டு ஓடப் பார்த்தாய். தெருவே சிரித்தது. முருகம்மாள், "மதினிக்கு ஆபரேஷன் பண்ணுன டாக்டரப் புடிச்சு உள்ள போடணும்" என்றாள். எடுத்துப் பார்த்தால் நம் இரும்பு ஊசி தட்டை உழுது வைத்திருந்தது. இனி அதில் விதைக்கத்தான் முடியும்.

இன்னொரு தட்டு அனுப்புவாயா? கேட்க வெட்கமாக இருக்கிறது. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டி முதலாளி வீட்டில் மூன்று வேகம் சுற்றுகிற மெஷின் இருக்கிறது. இரவல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

சங்கையா


ராயப்பேட்டை
27-12-1963

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்ததில் தொண்டை வலித்து, வெந்நீர் குடித்தேன். நான் இப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை என்று வீட்டு வேலைக்கு வருகிறவள் பயந்துவிட்டாள்.

வேறு தட்டு அனுப்பியிருக்கிறேன். மூக்குத்தியை நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் குத்திக்கொள்ளலாமா என்று முருகம்மாளிடம் கேட்டு எழுது.

அடுத்த தடவை எங்கேயாவது ஒப்பாரி போடும்போது புதுத் தட்டில் போடு. சுத்தமான பாட்டைக் கேட்டுப் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒன்று விடாமல் எழுது. பத்திரிகைக்காரன் எழுதுவதைவிட அதுதான் எனக்கு வேண்டும்.

அக்கா


சிவகாசி
21-1-1964

அக்காவுக்கு,

ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பொங்கல் கழிந்து ஏழாயிரம்பண்ணையில் கருப்பணன் போய்விட்டார். ஆத்தாவுக்கு அண்ணன் முறை. நிறைந்த வயது, கல்யாணச் சாவுதான். மண்டி முதலாளியின் மெஷினை இரவல் வாங்கிக்கொண்டு போய்ப் புதுத் தட்டைப் போட்டேன். உன் குரல் அப்படி ஒரு துலக்கமாக வந்தது. ஆண்கள்கூட எழுந்துவந்து குழாய்க்குக் கீழே நின்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பெண்கள் வட்டம் சேர்ந்து கூடவே பாடினார்கள். பஞ்சம்மாள்தான் முன்னால். தெரியும்தானே, ஆத்தாவுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அவள்தான் குரலெடுக்கிறாள். அந்த வரி வந்தது. "வாசலில வந்து நிக்கேன், கதவத் தெற என் தாயே." அவர்கள் இரண்டாம் தடவைக்கு வாயைத் திறந்தார்கள். உன் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. பாதிப்பேர் பின்னால் நின்றார்கள், பாதிப்பேர் உன்னோடு ஓடினார்கள். அப்புறம் ஒருத்தியும் பாடவில்லை. நீ மட்டும் தனியாகப் பாடி முடித்தாய்.

பஞ்சம்மாள் எழுந்துவந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏலே சங்கையா, பாட்ட எங்கனலே வெட்டுனீங்க? நாங்க கதவத் தட்டிக்கிட்டு வாசல்ல நிக்கோம், அவ பாட்டுக்கு உள்ள போயிட்டா!"

பழைய பிளேட்டில் விரிசல், அதனால்தான் திருப்பிப் பாடியது, இதுதான் சரியான பாட்டு என்று விளக்கிச் சொன்னேன். "விரிசலோ கிரிசலோ, எனக்கு என்ன தெரியும்? ஒரு தடவ கூப்பிட்டா செத்தவுகளுக்குக் கேக்குமா?" என்று கேட்டாள்.  பழைய பிளேட்டு வண்டியில் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். டிக் டிக் என்று தொடங்கியதும் எல்லோரும் பழையபடி தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் தடவை முடிந்து நான் தட்டிவிட்டதும் எழுந்த அழுகையை நீ கேட்டிருக்க வேண்டும்.

வருத்தப்படாதே. சுத்தமான தட்டு பட்டணத்துக்கு இருக்கட்டும்.

சங்கையா


ராயப்பேட்டை
30-1-1964

தம்பி சங்கையாவுக்கு,

வருத்தம்தான் பட்டேன். முதல் நாள் முழுக்க உன் மேலும் பஞ்சம்மாள் மேலும் கோபமாக இருந்தேன். இரண்டாம் நாள் அவள் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. ஒரு தடவை கூப்பிட்டால் செத்தவர்களுக்குக் கேட்குமா?

இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன், சங்கையா. ஆத்தா வாயால் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பாட்டைப் பதிவு செய்யப் போனபோது, சுவரில் ஒரு சிவப்பு விளக்கு வைத்திருந்தார்கள். அது எரிந்தால் தட்டில் இடம் தீரப்போகிறது என்று அர்த்தம். ஆத்தா பாடுகிறபடியே பாடிப் பார்த்தேன். முடிப்பதற்கு முன்னால் விளக்கு எரிந்துவிட்டது. பதிவு செய்கிறவர் வந்து, "இந்த ஒரு வரியை எதுக்கும்மா மூணு வாட்டி பாடறீங்க? ஒரு வாட்டி போதும், அடங்கிடும்" என்றார். ஒரு தடவை பாடினேன். அடங்கிவிட்டது. பிளேட்டு ஊருக்கு வந்ததும் ஆத்தா கேட்டுவிட்டு, "ஒரு தடவைதான் கூப்பிடுறே, அவளுக்குக் கேக்குமாடி?" என்றாள். தட்டில் இடம் இல்லை ஆத்தா என்று சொன்னேன். பிறகு மேடை மேடையாகப் பிளேட்டில் உள்ளபடியே பாடிப் பாடி, அதுதான் பாட்டு என்று எனக்கே ஆகிவிட்டது.

பஞ்சம்மாளும் மற்றவர்களும் உன் பிளேட்டிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் ஆத்தாவோடு உட்கார்ந்து பாடியவர்கள். நாம் இரண்டு பேரும்தான் அதை விரிசல் என்று நினைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் யோசித்தேன். ஊசி அந்த இடத்தில் தானாக நிற்காது, விட்டால் விடியும் மட்டும் திருப்பிப் பாடும் என்று எழுதியிருந்தாய். அப்படியானால் மூன்றாம் தடவைக்குப் பிறகு தட்டிவிட வேண்டும் என்று உனக்கு யார் சொன்னார்கள்? இரண்டில் தட்டியிருக்கலாம், ஐந்தில் தட்டியிருக்கலாம். நீ கைக்குழந்தையாக இருந்தபோது எழவு வீட்டுக்கெல்லாம் உன்னை மடியில் போட்டுக்கொண்டுதான் ஆத்தா போவாள். அவள் மார்பு அதிர அதிர நீ தூங்குவாய். உன் விரலுக்கு அது தெரிந்திருக்கிறது. பாடகி எனக்கு மறந்துபோயிற்று.

கம்பெனிக்குப் போய், வெட்டிய நாடாத் துண்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். குப்பையில் போட்டுவிட்டார்களாம். ஒரு சின்னத் துண்டைக்கூட வைக்கவில்லையா என்று கேட்டதற்கு இன்ஜினியர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். தட்டு கடைகளுக்குப் போய்விட்டது. போகட்டும், நன்றாக விற்கட்டும். அது மூக்குத்தி போட்ட வேலுத்தாயின் பாட்டு.

மாசியில் ஆத்தாவின் வருஷ நாள் வருகிறது. நான் வருகிறேன். இதுவரை ஒரு வருஷமும் வராதவள் வருகிறேன் என்று பஞ்சம்மாளிடம் முதலில் போய்ச் சொல். வருஷ நாளில் ஒப்பாரி எடுக்கலாமா, முறை உண்டா என்றும் கேள். முறை இல்லை என்றால், எட்டு வருஷம் தாமதமாக வந்த மகளுக்கு ஒரு தடவை விட்டுக்கொடுக்கச் சொல்.

என் குரலை நீ கேட்டாயே, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு. தகரத்தை இழுக்கிற மாதிரி இருக்கிறது. பாட்டாக வராது, ராகம் நிற்காது. ஒப்பாரிக்கு அதெல்லாம் வேண்டாம் என்று இத்தனை நாள் கழித்துத் தெரிகிறது. அந்த ஒரு வரிக்கு மட்டும் எப்படியாவது குரலெடுத்துவிடுவேன். மூன்று தடவையும் நானே கூப்பிடுகிறேன். வராமல் அடைத்துக்கொண்டால் பஞ்சம்மாள் எடுக்கட்டும், நான் பின்னால் சேர்ந்துகொள்கிறேன்.

வட்டத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு வைக்கச் சொல். நீ வெறுங்கையோடு வா. மைக் செட் வேண்டாம்.

அக்கா
வேலு